இடுப்புக்கு ஏத்த ரிவால்வர்

ஏனுங் தம்பி, ராவுத்தர் கடைக்குத்தானுங்களே வந்தீங்க? தொழுகைக்குப் போயிருக்கறாருங்க. பூட்டிப்போட்டுத்தான் போவாரு. துப்பாக்கிக் கடை பாருங்க, மளிகைக் கடையாட்டம் சாக்கை இழுத்து மூடிப்போட்டுப் போக முடியாது. அப்படியே சோத்தையும் முடிச்சுட்டுத்தான் வருவாரு. உக்காருங்க, உக்காருங்க. இந்த பெஞ்சு நம்மளாட்டம் ஆளுகளுக்குத்தான் போட்டு வெச்சிருக்கறாரு.

ரிவால்வர் எடுக்கறதுக்கா? மேட்சுக்கா! அட, அப்ப நீங்களும் நம்ம ஆளு. லைசென்ஸ் வந்துருச்சுங்களா? கலெக்டர் ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சிருக்குமே. எனக்கும் தேஞ்சுதுங்க. எதுக்குங்க துப்பாக்கின்னு ஒவ்வொரு மேசையிலயும் கேப்பாங்க. போட்டிக்குங்க, அட்டையில சுடற போட்டிக்குங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. கடைசியில எனக்கே நம்பிக்கை வந்துருச்சு.

என்ற வேட்டியவே பாக்கறீங்க. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கல்யாண ஊட்டுக்காரனாட்டம் இருக்கறான், இவனுக்குத் துப்பாக்கிக் கடை வாசல்ல என்ன சோலின்னுதானுங்களே? கல்யாண ஊட்டுக்காரனேதானுங்க. என்ற தங்கச்சி பொண்ணுக்கு நாளைக்குக் காலையில முகூர்த்தம். இன்னைக்குச் சாயங்காலம் பட்டம் கட்டோணும். பொண்ணு நெத்தியில தாய்மாமன்தான் பட்டம் கட்டோணும், நம்ம பக்கம் அதுதான் சாங்கியம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் மண்டபத்துக்குப் போறதா வேண்டாமான்னு தெரியாம இங்க வந்து உக்காந்திருக்கறேன். பேரு நாச்சிமுத்து. பல்லடத்துக்கு அக்கட்டால கோழிப்பண்ணை வெச்சிருக்கறேன்.

அதை விடுங்க. அது என்ற கெரகம். உங்க விசயத்துக்கு வருவோம்.

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ரிவால்வர் எடுக்கறப்ப கண்ணு சொல்றதைக் கேக்காதீங்க, கை சொல்றதைக் கேளுங்க. இது நான் கண்டுபுடிச்சதில்லீங்க. எங்க கிளப்புல ஹேமலதான்னு ஒரு பல் டாக்டரம்மா. ஸ்டேட்ல மெடல் வாங்குனவங்க. பாக்கறதுக்கு ஒல்லியா, ஊதுனாப் பறந்துருவாங்க போல இருப்பாங்க. ஆனா துப்பாக்கியை நீட்டிட்டாங்கன்னா கை அசையாதுங்க. அவங்கதான் எனக்கு ரிவால்வர் எடுக்க இந்தக் கடைக்கே கூட வந்தாங்க. பாவம், கிளினிக்கைப் பூட்டிப்போட்டு வந்தாங்க.

அதுக்கு முன்னால நான் கிளப்புத் துப்பாக்கியிலதானுங்க சுட்டேன். பழசு. முப்பத்திரண்டு போரு சைசு, குழல் நீளம், கருப்புச் சாயமெல்லாம் போயி வெளுத்துக் கிடக்கும். புடியில ஆரோ டேப்பு சுத்தி வெச்சிருந்தாங்க. அதுலதான் நான் நல்லாச் சுட்டேன். சொல்லக்கூடாது, மாவட்ட மேட்சுல மூணாவதா வந்தேனுங்க. கப்பு குடுத்தாங்க, டிவி மேல இருக்குது. ஆனா அந்தத் துப்பாக்கியைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுக்க முடியுமுங்களா? சைக்கிள் கடை ஸ்பேனராட்டம் இருக்கும். சொந்தமா ஒண்ணு எடுத்தே தீரோணும்னு முடிவு பண்ணினேன்.

ராவுத்தரு பச்சைத் துணியை விரிச்சு ரெண்டு எடுத்து வெச்சாரு. ஒண்ணு நீளம், கருப்பு. குறி பாக்கறதுக்கு மேல இருக்கற பின்குறியில திருகாணி இருக்கும், மேல கீழ தள்ளி வெச்சுக்கலாம். இன்னொண்ணு குட்டை. பளபளன்னு வெள்ளித் தட்டாட்டம். ஹேமலதாம்மா குட்டையைத் தொடவே இல்லீங்க. "அண்ணா, நீளத்தை எடுங்க. கண்ணை மூடிக்கிட்டு சுவத்தைப் பாத்து நீட்டுங்க. இப்பக் கண்ணைத் தொறங்க"ன்னாங்க. தொறந்தேன். முன்குறியும் பின்குறியும் ஒரே நேரா நிக்குதுங்க! நான் ஒண்ணுமே பண்ணலை, தானா வந்து நிக்குது. "இப்பக் குட்டையை எடுங்க"ன்னாங்க. அதையும் கண்ணை மூடி நீட்டித் தொறந்தேன். முன்குறி ராவுத்தர் ஃபேனைப் பாத்துக்கிட்டு நிக்குது.

"பாத்தீங்களாண்ணா? உங்க கை எதைக் கேக்குதுன்னு உங்களுக்கே தெரியுது. குழல் நீளமா இருந்தா முன்குறிக்கும் பின்குறிக்கும் தூரம் அதிகம், கோணலா இருந்தா உடனே கண்ணுக்குத் தெரியும். குட்டையில கோணல் தெரியாது, அட்டையிலதான் தெரியும்"னாங்க. அப்புறம் டம்மி குண்டு போட்டு, பின்னால இருக்கற குதிரையை இழுத்து, ட்ரிகரை அழுத்தச் சொன்னாங்க. நீளத்துல வெண்ணெயாட்டம் போச்சு. குட்டையில இழுக்கறப்பவே கை ஒரு பக்கம் சாயுது. இத்தனையும் நான் கண்ணால பாத்தேனுங்க. பாத்துட்டு, குட்டையை எடுத்தேன்.

ஏன்னா கேக்கறீங்க? நீளத்தை இடுப்புல சொருகிப் பாத்தேனுங்க. உக்காந்தா தொடையில இடிக்குது. குட்டையைச் சொருகிப் பாத்தேன். அந்த ஷோகேஸ் கண்ணாடி இருக்குது பாருங்க, உள்ள போனாத் தெரியும், அதுல என்ற இடுப்பு தெரிஞ்சுது. பச்சை பெல்ட்டு, அதுல வெள்ளிப் புடி. அவ்வளவுதானுங்க, மனசு அங்கயே நின்னுக்கிச்சு. ஹேமலதாம்மா கேட்டாங்க: "அண்ணா, மேட்சுல இடுப்பையா அட்டை முன்னால நீட்டப் போறீங்க?" ராவுத்தரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். கொண்டு போக வரச் சௌகரியம் வேணுமுங்களேன்னு சொன்னேன். அந்தம்மா பையை எடுத்துக்கிட்டுக் கிளினிக்குக்குப் போயிட்டாங்க.

தெரியுமுங்க, தெரியுமுங்க. மேட்சுத் துப்பாக்கியை இடுப்புல கட்டக் கூடாது. காலி பண்ணி, பெட்டியில பூட்டித்தான் சுடற ரேஞ்சுக்குக் கொண்டு போகோணும். எனக்கா சட்டம் தெரியாது? ஆனா பெட்டிக்குள்ள இருந்தா ஆருக்குத் தெரியும், சொல்லுங்க. உக்கடத்துல ஒரு தோல் வேலைக்காரர்கிட்டக் குடுத்து பெல்ட்டோட சேத்து ஒரு பை தெச்சு வாங்குனேன். உள்ளுக்குள்ள கம்பளி வெச்சு, ரெண்டு மடிப்பா. அம்சமாத் தெச்சிருந்தாருங்க. நாளெல்லாம் உக்காந்திருந்தாலும் இருக்கறதே தெரியாது. ஜிப்பா மேல போட்டா மறைஞ்சுக்கும். குனிஞ்சாக் கொஞ்சம் தெரியும். நான் அடிக்கடி குனிவேனுங்க.

அப்புறம் பாக்கோணுமே மரியாதையை! நானா கேட்டேன்? பேக்கரியில பெஞ்சு நிறைய ஆளிருப்பாங்க, நான் போனா தானா நகந்து எடம் விடுவாங்க. தீவன லாரிக்காரன் முன்னாலயெல்லாம் எகத்தாளமாப் பேசுவான், இப்ப அண்ணா அண்ணாங்கறான். எலக்‌ஷன் வந்துச்சுன்னா எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கோணும், உங்களுக்குத் தெரியுமே. அப்படி ஒப்படைச்சிருந்த நாள்ல எனக்கு வெளிய போகவே புடிக்கலீங்க. என்ற ஊட்டுக்காரி மரகதம் கேட்டா, "ஏனுங்க, காச்சலா?"ன்னு. இடுப்பு காலியா இருக்குதுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?

மேட்சா? மேட்சைப் பத்திக் கேக்காதீங்க தம்பி. ஸ்டேட் மேட்சுல பந்தயத்துக்கு நின்னேன். பக்கத்து லேன்ல ஒரு காலேஜ் பொண்ணு. நான் சுட்டேன், சுட்டேன், எல்லாம் சுட்டு முடிச்சேன். அட்டையைப் பாக்கப் போனா என்ற அட்டையில ஓட்டை கம்மியா இருக்குது. அந்தப் பொண்ணு கையைத் தூக்குச்சு. "சார், என்னோட அட்டையில ஒண்ணு அதிகமா இருக்கு"ன்னுச்சு. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு சிரிக்கக்கூட இல்லீங்க, பாவமாப் பாத்துச்சு. ஹேமலதாம்மா பின்னால சேர்ல உக்காந்திருந்தாங்க. அவங்க கீழ குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணினாங்க. ரொம்ப நேரம் சரி பண்ணினாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

ஆனா அதெல்லாம் ஒரு வெக்கமே இல்லீங்க. அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க.

என்ற தங்கச்சி சிவகாமிக்கு ஒரே பொண்ணு, பிரவீணான்னு. என்ற கையில வளந்த புள்ளைங்க. அவங்கப்பன் சின்ன வயசுலயே போயிட்டாரு. பள்ளிக்கூடம் சேத்தது, காது குத்துனது, சீர் பண்ணினது எல்லாம் நான்தான். மாமா மாமான்னு என்ற வண்டிச் சத்தம் கேட்டா ஓடி வரும். அதுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கத்துல இருந்து ஒரு எடம் அமைஞ்சுது. தென்னந்தோப்புக்காரங்க. சம்பந்தி பேரு வேலப்பன், அமைதியான மனுசன், பேசறதே காதுல விழாது. மாப்பிள்ளைப் பையன் தங்கமான பையன். நிச்சயம் பண்ண தங்கச்சி ஊட்டுக்கு வந்தாங்க.

ஜமக்காளம் விரிச்சு எல்லாரும் கீழ உக்காந்தோம். அவங்க பக்கம் மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தரு வந்திருந்தாரு. டெல்லியில பெரிய ஆபீசராம். எல்லாரும் அவரைச் சுத்தித்தானுங்க. டெல்லியில குளிரு எப்படி, டெல்லியில அது எப்படி, இது எப்படின்னு. என்ற தங்கச்சிகூட அவருக்குத்தான் மொதல்ல காப்பி குடுத்தா. நான் பொண்ணோட தாய்மாமன், நடுவுல உக்காந்திருக்கறேன், என்னை ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கலை. அந்த ஆபீசரே திரும்பி, "நீங்க என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாரு. கோழிப்பண்ணைங்கன்னேன். "ஓ, கோழியா?"ன்னுட்டு மறுபடியும் அக்கட்டத் திரும்பிக்கிட்டாரு.

அப்பப் பாத்துத்தானுங்க இடுப்புல உறுத்துச்சு.

சம்மணம் போட்டு உக்காந்தா உறுத்துமா உறுத்தாதா, நீங்களே சொல்லுங்க. எடுத்தேன். எங்க வெக்கறது? முன்னால தாம்பூலத் தட்டு இருந்துச்சு. தேங்காய்க்கும் வெத்தலைக்கும் நடுவுல வெச்சேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. குண்டு போட்டிருக்கலீங்க. குண்டு சட்டைப் பையில தனியாத்தான் இருந்துச்சு.

டெல்லிக்காரர் கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சாரு. வேலப்பன் தட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மறுபடியும் தட்டைப் பாத்தாரு. துப்பாக்கி மூக்கு அவரைப் பாத்து இருந்துச்சாமா. வட்டத் தட்டுங்க தம்பி! எப்படி வெச்சாலும் ஆரையாச்சும் பாத்துத்தானே இருக்கும்? கிளப்புல மொத நாளே சொல்லிக் குடுப்பாங்க, மூக்கு எப்பவும் அட்டையைப் பாத்துத்தான் இருக்கோணும், மனுசன் பக்கம் திரும்பவே கூடாதுன்னு. எனக்குத் தெரியாததா? தாம்பூலத் தட்டுல அட்டைக்கு எங்க போறது?

வேலப்பன் எந்திரிச்சாரு. ரெண்டு கையையும் கூப்பினாரு. "நாங்க சாதாரணக் குடியானவங்க. உங்க சம்பந்தம் எங்களுக்குத் தாங்காதுங்க"ன்னாரு. அப்பவும் சத்தமாச் சொல்லலை. எல்லாரும் எந்திரிச்சுச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. சமையக்கட்டுல அவ்வளவு சோறும் அப்படியே இருந்துச்சு. பயந்தாங்கொள்ளிக! நல்ல எடம்னு பாத்தா, இப்படியா ஒரு இரும்பைப் பாத்து ஓடுவாங்க?

சிவகாமி என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போனா, துப்பாக்கியை மட்டும் கீழ வெச்சுப்போட்டு. பிரவீணா வந்துச்சு. கட்டியிருந்த பட்டுச் சேலையோட அப்படியே வந்து, "மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னுச்சு. எனக்கு இலை போட்டு அந்தப் புள்ளையே பரிமாறுச்சு. அந்த மாப்பிள்ளைப் பையனை அதுக்கு அத்தனை புடிச்சிருந்துச்சுங்க, எனக்குத் தெரியும். நான் அந்தச் சோத்தைத் தின்னேன்.

அப்புறம் எப்படிக் கல்யாணம் நடக்குதுங்கறீங்களா? எங்க அருமைக்காரரு, கல்யாணச் சாங்கியமெல்லாம் பண்ணி வெப்பாரே, பெரியவரு, அவரு நடையா நடந்தாரு. உடுமலைக்கும் பல்லடத்துக்கும் போயிப் போயி பேசினாரு. பையனும் ஒத்தக் கால்ல நின்னிருக்கறான், கட்டினா இந்தப் பொண்ணைத்தான்னு. வேலப்பன் எறங்கி வந்தாரு. எல்லாம் சரி, ஆனா அந்தத் தாய்மாமன் வரக்கூடாதுன்னாராம். மாமன் சீரை வேற ஆராச்சும் பங்காளி செய்யட்டும்னாராம். எப்படிங்க இருக்கும் எனக்கு? நான் உசுரோட இருக்கறப்ப என்ற மருமக நெத்தியில வேற ஒருத்தன் பட்டம் கட்டறதா?

அங்கதானுங்க பிரவீணா வாயைத் தொறந்திருக்குது. பொண்ணு பேசக்கூடாத எடத்துல பேசியிருக்குது. "எங்க மாமா கட்டலைன்னா எனக்குப் பட்டமே வேண்டாம். உங்களுக்குப் பயமா இருந்தா மண்டப வாசல்ல நிறுத்தி அவரு இடுப்பைத் தடவிப் பாத்துட்டு உள்ள விடுங்க"ன்னு சொல்லியிருக்குது. வேலப்பன் சரின்னுட்டாரு. மாப்பிள்ளை ஊட்டுப் பையனுக ரெண்டு பேரு வாசல்ல நிப்பாங்களாம். பன்னீர் தெளிக்கற எடத்துல, சந்தனம் குடுக்கற எடத்துல, என்ற இடுப்பைத் தடவிப் பாப்பாங்களாம்.

மரகதம் வந்துதான் இதை எனக்குச் சொன்னா. கேள்விப்பட்டிருக்கறீங்களா தம்பி, எங்கயாவது? தாய்மாமனைக் கல்யாண வாசல்ல நிறுத்தித் தடவிப் பாக்கறதை? திருடனையா உள்ள விடறாங்க? சொன்னது ஆரு, என்ற மருமக! நான் தோள்ல தூக்கிக்கிட்டு மாரியாத்தா நோம்பி காட்டுன புள்ளை! அவ வாயில அந்த வார்த்தை எப்படிங்க வந்துச்சு? மரகதம் சொல்றா, "அவ சண்டை போட்டு வாங்குனதுங்க இது"ங்கறா. இதுல வாங்கறதுக்கு என்னங்க இருக்குது?

காலையில மரகதம் மண்டபத்துக்குக் கிளம்பிட்டா. "அதை பீரோவுல பூட்டிப்போட்டு வாங்க, ஒரு நிமிசம் கையைத் தூக்கிக்கிட்டு நின்னா முடிஞ்சுது"ன்னா. முடிஞ்சுதாம்! நின்னு பாத்தாத்தானுங்களே தெரியும். நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபுடிச்சேன். அதுக்கோசரம்தான் இங்க வந்தேன். இந்தப் பெட்டிக்குள்ளதான் குட்டை இருக்குது. இதை ராவுத்தர்கிட்டக் குடுத்துட்டு, மாத்தி அந்த நீளத்தை எடுத்துக்கறதுன்னு முடிவு. நீளத்தை இடுப்புல சொருக முடியாதுங்களே! ஆரு பாத்தாலும் தெரியும், இது மேட்சுத் துப்பாக்கி, இந்த ஆளு விளையாட்டுக்காரன்னு. அந்தக் கப்பையும் துப்பாக்கிப் பெட்டியையும் கொண்டு போயி வேலப்பன் முன்னால தொறந்து காட்டி, பாருங்க சம்பந்தி, நான் ரவுடி இல்லை, மாவட்டத்துல மூணாவதுன்னு...

ஏனுங், சிரிக்கறீங்க?

சிரிக்கலையா? சரி. மூஞ்சி அப்படி இருந்துச்சு. என்ன? துப்பாக்கிக்குப் பயந்து ஓடுனவங்க கல்யாணத்துக்கு இன்னொரு துப்பாக்கியா, அதுவும் நீளமாவான்னா? அட, அதுக்குத்தானுங்களே பெட்டியில... எழுதி வாங்கறதுக்கு எத்தனை நாளாகும்னா? லைசென்ஸுல நம்பர் மாத்தோணுமா? ஆமா. ஆமாங்க, இன்னைக்கே முடியாது. அதை நான் யோசிக்கலை.

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க. கம்பளி வெச்சு ரெண்டு மடிப்பாத் தெச்ச பை எப்படி உறுத்துச்சுன்னா?

நீங்க வக்கீலுங்களா?

உறுத்துச்சுன்னா உறுத்துச்சுங்க. உங்க இடுப்பா, என்ற இடுப்பா? ஓ கோழியான்னு சொன்னா ஆருக்குத்தான்... விடுங்க. தண்ணி இருக்குதுங்களா? குடுங்க.

வெக்கமா இருக்குதுங்க தம்பி. முகம் தெரியாத உங்ககிட்டச் சொல்றேன், ஊருல ஒருத்தருகிட்டயும் சொல்லலை. ராத்திரியெல்லாம் அந்தத் தட்டு கண்ணு முன்னால வருது. வேலப்பன் கை கூப்புனது வருது. அந்த மனுசன் என்னைக் கும்புட்டாருங்க. சாமியைக் கும்புடற மாதிரி இல்லை, விட்டுருங்கன்னு கும்புடற மாதிரி. இத்தனை வருசத்துல என்னைப் பாத்து ஒருத்தரும் அப்படிக் கும்புட்டதில்லை. எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

இருங்க, போன் அடிக்குது. மரகதமாத்தான் இருக்கும், எடுக்க மாட்டேன். அட, பிரவீணா.

சொல்லு கண்ணு... வந்துட்டிருக்கறேன் கண்ணு... வண்டியிலதான், வழியிலதான்... இல்லை சாமி, பொய் இல்லை... சரி, கோயமுத்தூர்லதான் இருக்கறேன்... ஒரு சோலியா வந்தேன்... நீயா? நீ எதுக்கு வாசல்ல நிக்கறே? மணப்பொண்ணு வாசலுக்கு வரக்கூடாது கண்ணு, பெரியவங்க சத்தம் போடுவாங்க... போட்டாப் போடட்டும்னு சொல்லாதே... சரி... சரி... அழுவாதே, மை கலைஞ்சுரும்... வர்றேன். வர்றேன்னு சொல்றேனல்ல.

வெச்சுட்டா. நான் உள்ள வர்ற வரைக்கும் வாசல்லயே நிப்பாளாம். சேரு போட்டு உக்காந்துக்கிட்டாளாம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எவ்வளவு சொல்லியும் எந்திரிக்க மாட்டேங்கறாளாம். வேலப்பன் வந்து, "உள்ள வாம்மா"ன்னு கூப்பிட்டதுக்கு, "எங்க மாமா வந்தப்புறம்"னு சொன்னாளாம். கேட்டீங்களா தம்பி? கழுத்துல தாலி ஏறலை, மாமனாருகிட்ட அப்படிச் சொல்லியிருக்கறா. எனக்கோசரம்.

வந்துட்டாரு ராவுத்தரு. வாங்க ராவுத்தரே. என்னத்தைச் சொல்றது, கல்யாணத்துக்குத்தான் கிளம்பினேன். இல்லை, எண்ணெய் போடறதுக்கு இல்லை. இந்தக் குட்டையை உங்க பாதுகாப்புல வெச்சுக்கங்க. லைசென்ஸு இந்தாங்க, என்ன எழுதோணுமோ எழுதிக்கங்க. குண்டும் இதுல இருக்குது. மாத்தி வேண்டாமுங்க. நீளத்தை எடுத்து வெக்க வேண்டாம், எனக்கு வேண்டாம். இந்தத் தம்பிக்கு எடுத்து வைங்க. மேட்சுக்கு வந்திருக்கறாரு, நெசமாவே மேட்சுக்கு. கண்ணை மூடிக்கிட்டு நீட்டச் சொல்லுங்க, டாக்டரம்மா சொன்ன மாதிரி. எப்பத் திருப்பி எடுத்துக்குவேன்னா? அதை அப்புறம் பேசிக்கலாமுங்க. எடுக்காமயும் போவேன். முதல்ல உள்ள வெச்சுப் பூட்டுங்க.

பூட்டியாச்சா? சரி.

தம்பி, உங்ககிட்ட ஒரு உதவிங்க. தப்பா நெனைக்கப்படாது. இப்படி எந்திரிச்சு வாங்க. என்ற இடுப்பை ஒருக்காத் தடவிப் பாருங்க.

ஆமாங்க. அவங்க பாக்கற மாதிரி. எனக்குப் பழக்கமில்லீங்க. முகம் தெரியாத ஒருத்தன் கை இடுப்புல பட்டா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலை. வெடுக்குனு தட்டி விட்டுட்டேன்னு வைங்க, ஏதாச்சும் வார்த்தையை விட்டுட்டேன்னு வைங்க, அந்தப் புள்ளை வாழ்க்கை அங்கயே போச்சு. அதான், ஒருக்கா இங்க பாத்துக்கலாம்னு. பெல்ட்டைக் கழட்டிட்டேன், வேட்டியை இறுக்கிக் கட்டியிருக்கறேன். வாங்க.

கூச்சப்படாதீங்க, நானே படலை. இப்படியா தொடுவாங்க? நல்லா அழுத்திப் பாருங்க. பின்னால. ம். அக்கட்டயும். ராவுத்தரே, நீங்க ஏன் திரும்பிக்கறீங்க? பாருங்க. அங்க ஊரே பாக்கும்.

முடிஞ்சுதுங்களா? அவ்வளவுதானா?

இல்லீங்க தம்பி, இன்னொருக்கா. இப்ப நான் தலையைக் குனிஞ்சுட்டேன். குனியக்கூடாது. என்ற மருமக வாசல்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருப்பா. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிக்கோணும். இப்பத் தடவுங்க.